ஊருக்கு அனுப்பினால் சரியாகிவிடுமா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து அக்கா அழைத்தாள். அவளுடைய மகனுக்கு ஐந்து வயது. இரண்டு ஆண்டுகளாகக் குளிர்காலம் தொடங்கினாலே அவனுக்கு இரவில் இருமல், விடியற்காலையில் வீசிங். குழந்தை மருத்துவர் நாள்தோறும் இருவேளை எடுத்துக்கொள்ளும்படி ஓர் இன்ஹேலரையும், அதைப் பொருத்தி மூச்சிழுக்க ஒரு ஸ்பேசரையும் எழுதிக்கொடுத்திருக்கிறார். ஊரிலிருக்கும் அம்மாவுக்கு இதில் உடன்பாடில்லை. "ஒரு வருஷம் இங்க விடு. மாடு கன்னோட ஓடியாடினா எல்லாம் போயிடும். அந்த ஊதுற மருந்த நிறுத்து, பழக்கமாயிடும்" என்பது அவர் கட்சி. கிராமத்தில் வளரும் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா குறைவு என்று அக்காவும் எங்கோ படித்திருக்கிறாள். "நீதான் படிச்சவ. அதே ஊர்ல வளர்ந்தவ. சொல்லு, அனுப்பட்டுமா?" என்று கேட்டாள்.

ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். அவளுக்கு எழுதிய பதிலை விரிவாக்கி, அவளுடைய ஒப்புதலோடு இங்கே பதிகிறேன். நான் மருத்துவம் பயின்றவள் அல்லள், மொழியியல் பயின்றவள். எனினும் இந்த நோயோடு இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்துவருபவள் என்ற வகையில், இதைப் பற்றிய ஆய்வுகளைத் தேடிப் படிக்கும் வழக்கம் எனக்கு உண்டு.

முதலில் எங்கள் ஊரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில், வீட்டுக்குள் தமிழும் வாசலைத் தாண்டினால் தெலுங்கும் பேசும் சிற்றூர் அது. கரும்பு, நிலக்கடலை, மாந்தோப்பு, ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டிலும் கறவை மாடு. எங்கள் வீட்டின் பின்தாழ்வாரத்திலேயே மாடுகளைக் கட்டுவார்கள். சாணம் அள்ளுவதும் தொழுவம் கூட்டுவதும் அக்காவுக்கும் எனக்கும் அன்றாட வேலைகள். கிராமம் காக்கும் என்பது உண்மையானால், அந்தக் காப்பு எனக்குக் குறைவின்றிக் கிடைத்திருக்க வேண்டும்.

எனக்கு ஐந்து வயதில் மூச்சிளைப்பு தொடங்கியது. மார்கழி, தை மாதங்களில் படுத்தால் மூச்சு முட்டும். நெல் மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இரவைக் கழிப்பேன். எங்கள் பகுதியில் அது வெல்லம் காய்ச்சும் பருவம். தெருக்கோடியிலிருந்த ஆலையில் காய்ந்த கரும்புச் சக்கையை எரித்துக் கொப்பரையில் பாகு காய்ச்சுவார்கள். வீட்டு அடுப்பிலும் அதே சக்கை, கடலைத் தோல், புளிய விறகு. ஊர் முழுவதும் வெல்ல மணமும் புகையும் கலந்து நிற்கும். அந்த மணத்தை நினைவுகூரும் எவருக்கும் இனிமையான பால்யம் கண்முன் வரும். எனக்கு என் நெஞ்சில் எழுந்த விசில் சத்தம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

அந்த நோய்க்கு எங்கள் வீட்டில் ஒரு பெயர் இருந்ததில்லை. தமிழில் "இளைப்பு" என்றார்கள். வெளியார் கேட்டால் தெலுங்கில் "ஆயாசம்" என்றார்கள். மொழியியல் படிக்கத் தொடங்கிய பிறகுதான் இந்தத் தேர்வின் நுட்பம் எனக்கு விளங்கியது. இளைப்பு என்பது மூச்சு வாங்குவதையும் குறிக்கும், களைப்பையும் குறிக்கும், உடல் மெலிவதையும் குறிக்கும். தமிழில் வெறும் களைப்பாக நிற்கும் ஆயாசம், தெலுங்கில் மூச்சு வாங்குவதையும் குறிக்கும். ஆஸ்துமாவுக்கென்றே தெலுங்கில் ஒரு சொல் உண்டு, "உப்பசம்." நாம் இன்று வயிற்றுக்குச் சொல்லும் சொல்லை அவர்கள் நெஞ்சுக்குச் சொல்கிறார்கள். அந்தச் சொல்லை மட்டும் எங்கள் வீட்டில் எவரும் உச்சரித்ததில்லை. பெண்பிள்ளைக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் நாளை யார் கட்டிக்கொள்வார்கள் என்ற அச்சம் ஒரு காரணம். மாடு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு, பட்டணத்துப் பிள்ளைகளுக்கு வரும் நோய் எப்படி வரும் என்ற நம்பிக்கை மற்றொரு காரணம்.

பதினோரு வயதில் அப்பா என்னை வெங்கடாத்ரி விரைவு வண்டியில் ஹைதராபாத்துக்கு அழைத்துவந்தார். ஜூன் மாதத்தில் மிருகசிரக் கார்த்தி நாளன்று, மூலிகைப் பசையை வாயில் வைத்த உயிருள்ள விரால் குஞ்சை விழுங்கச்செய்யும் சடங்கு இந்நகரில் பல தலைமுறைகளாக நடந்துவருகிறது. மீன் உண்ணாதவர்களுக்கு அதே பசையை வெல்லத்தில் வைத்துத் தருவார்கள். அதனால் நோய் குணமாகும் என்பதற்கு மருத்துவச் சான்று எதுவும் இல்லை. எனினும் அந்த வரிசையில் நின்ற எவரையும் இழிவாக நினைக்க எனக்கு மனம் வருவதில்லை. இந்தியாவின் பல மாநிலங்களிலிருந்து வந்திருந்த அவ்வளவு பேரும் ஆஸ்துமாவுக்காகவே வந்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தின் நடுவிலும் அப்பா என்னிடம், "சளிக்கு மருந்தும்மா, கண்ண மூடிக்கிட்டு முழுங்கிடு" என்றுதான் சொன்னார். இரவு முழுவதும் ரயிலில் உட்கார்ந்துவரும் அளவுக்கு அவருக்குக் கவலை இருந்தது. பெயரைச் சொல்லத்தான் மனம் துணியவில்லை.

பின்னர் முதுகலை படிக்க அதே நகருக்கு வந்த முதல் குளிர்காலத்தில், விடுதித் தோழி ஒருத்தி என்னை வற்புறுத்தி ஒரு நுரையீரல் மருத்துவரிடம் அழைத்துச்சென்றாள். ஸ்பைரோமெட்ரி கருவியில் ஊதினேன். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை இழுத்துச் சிறிது நேரம் பொறுத்து மீண்டும் ஊதினேன். இரண்டு வரைகோடுகளையும் அருகருகே வைத்துக் காட்டி, "இது ஆஸ்துமா" என்றார் மருத்துவர். நோய் தொடங்கிப் பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. குறைந்த அளவு ஸ்டீராய்டு கொண்ட இன்ஹேலரைத் தொடர்ந்து பயன்படுத்திய இரண்டே மாதங்களில், விழிக்காமல் தூங்கி எழும் இரவுகள் வாய்த்தன. எல்லோரும் அப்படித்தான் தூங்குகிறார்கள் என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

இனி ஆய்வுகளுக்கு வருகிறேன். அம்மாவின் நம்பிக்கை ஆதாரமற்றதன்று. 1989-இல் டேவிட் ஸ்ட்ராகன் என்ற ஆய்வாளர், 1958 மார்ச் மாதத்தின் ஒரே வாரத்தில் பிரிட்டனில் பிறந்த 17,414 பேரின் தரவுகளை ஆராய்ந்தார். மூத்த உடன்பிறப்புகள் மிகுந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு, மகரந்தத்தால் வரும் மூக்கு ஒவ்வாமை குறைவாக இருந்தது. சிறுவயதில் தொற்றுகளுக்கு ஆட்படுவது ஒவ்வாமையைத் தடுக்கிறதோ என்று அவர் எழுப்பிய ஐயமே "சுகாதாரக் கருதுகோள்" என்ற பெயரில் வளர்ந்தது.

ஜெர்மனி ஒன்றிணைந்த பிறகு எரிகா ஃபான் மூட்டியுஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் மேற்கிலிருந்த மியூனிக் நகரப் பிள்ளைகளையும் கிழக்கிலிருந்த லைப்சிக், ஹாலே நகரப் பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். கிழக்கில் காற்று மாசு மிகுதி. ஆகவே அங்கேதான் ஆஸ்துமா மிகுந்திருக்கும் என்பது எதிர்பார்ப்பு. முடிவு நேர்மாறாக இருந்தது. ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் மேற்கில்தான் மிகுதி. கிழக்கில் மிகுந்திருந்தது மூச்சுக்குழாய் அழற்சி. இந்த ஆய்வில் நான் மீண்டும் மீண்டும் திரும்பிவரும் இடம் இதுவே. புகை நுரையீரலைக் கெடுக்கும் வழி வேறு. ஒவ்வாமை உருவாகும் வழி வேறு. ஒன்றிலிருந்து காப்பாற்றும் சூழல் மற்றொன்றிலிருந்தும் காப்பாற்றும் என்று கொள்ள முடியாது.

அடுத்து, ஆல்ப்ஸ் மலைப்பகுதியின் பண்ணை வீடுகள். ஆஸ்திரியா, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் கிராமப்புறங்களில் 812 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 2001-இல் வெளிவந்தது. பிறந்த முதல் ஆண்டிலேயே தொழுவத்துக்குப் பழகிப் பண்ணைப் பாலும் குடித்த பிள்ளைகளில் ஆஸ்துமா 1 விழுக்காடு. இதே பழக்கம் ஒரு வயதுக்குப் பின், ஐந்து வயதுக்குள் வாய்த்த பிள்ளைகளில் 11 விழுக்காடு. ஒப்பிடப்பட்ட இரு பிரிவினரும் கிராமத்துப் பிள்ளைகளே என்பதைக் கவனிக்க வேண்டும். வேறுபாட்டை உண்டாக்கியது தொழுவம் அறிமுகமான காலம். தாய் கருவுற்றிருக்கும்போது தொழுவத்தில் புழங்கியதும் காப்பின் ஒரு பகுதி என்று பின்வந்த ஆய்வுகள் சொல்கின்றன.

கிராமம் என்றாலே ஒன்றுதான் என்ற எண்ணத்தை முற்றிலும் கலைப்பது 2016-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு. இந்தியானா மாநிலத்து ஆமிஷ் மக்களும் தெற்கு டகோட்டா மாநிலத்து ஹட்டரைட் மக்களும் ஐரோப்பாவிலிருந்து குடிபெயர்ந்த, மரபு வழியில் நெருங்கிய சமூகத்தினர். இருவருக்கும் உழவே தொழில்; உணவும் வாழ்முறையும் பெரும்பாலும் ஒன்றுபோலவே. எனினும் பள்ளிப் பிள்ளைகளிடையே ஆஸ்துமா ஆமிஷ் மக்களில் 5.2 விழுக்காடு, ஹட்டரைட் மக்களில் 21.3 விழுக்காடு. ஆமிஷ் குடும்பம் குதிரை பூட்டி உழுது, வீட்டை ஒட்டிய சிறு தொழுவத்தில் மாடு வளர்க்கிறது. ஹட்டரைட் மக்கள் பெரிய இயந்திரங்களோடு கூட்டுப்பண்ணை நடத்துகிறார்கள். ஆமிஷ் வீட்டுத் தூசியில் பாக்டீரியாக்களின் உறையிலிருந்து வரும் எண்டோடாக்சின் என்னும் பொருள் மற்றதைவிட 6.8 மடங்கு இருந்தது. அந்தத் தூசியைச் சுவாசித்த சுண்டெலிகளுக்கு ஒவ்வாமை ஆஸ்துமாவிலிருந்து காப்பு கிடைத்தது. ஹட்டரைட் தூசியால் கிடைக்கவில்லை.

இது எவ்வாறு நிகழ்கிறது என்பதற்கும் ஒரு விளக்கம் கிடைத்திருக்கிறது. பெல்ஜியத்தின் கென்ட் நகர ஆய்வாளர்கள் 2015-இல், எண்டோடாக்சினைச் சிறிது சிறிதாகத் தொடர்ந்து சுவாசிக்கும்போது நுரையீரல் உட்சுவரின் செல்கள் ஏ20 என்ற புரதத்தின் துணையால் பதற்றம் தணிகின்றன என்று சுண்டெலிகளில் காட்டினார்கள். அச்செல்களில் அந்தப் புரதம் இல்லாதபோது காப்பும் மறைந்துவிட்டது. நுரையீரல் உலகத்தோடு பழகுவதைக் கற்கிறது என்று எளிமையாகச் சொல்லலாம். தமிழில் ஒவ்வாமை என்ற சொல் எனக்குப் பிடித்தமானது. ஒவ்வு என்பது பொருந்துதல். அதன் எதிர்மறை ஒவ்வாமை. குறை உடலிலும் இல்லை, தூசியிலும் இல்லை, இரண்டுக்கும் இடையிலுள்ள உறவில் இருக்கிறது என்பதை அந்தச் சொல் சரியாகப் பிடித்திருக்கிறது. அந்த உறவு பெரும்பாலும் வாழ்வின் முதல் சில மாதங்களிலேயே அமைந்துவிடுகிறது என்பதுதான் நம் சிக்கல்.

அப்படியானால் எனக்கு ஏன் வந்தது? நெடுநாள் என்னை வாட்டிய கேள்வி இது. ஆய்வுகள் ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேசுகின்றன. ஒரு குழந்தையைப் பற்றி அல்ல. அந்த ஒரு விழுக்காட்டுக்குள்ளும் குழந்தைகள் இருக்கிறார்கள். அத்துடன், எங்கள் ஊரில் தொழுவம் மட்டும் இருக்கவில்லை. ஆலைப் புகையும் அடுப்புப் புகையும் இருந்தன. ஆல்ப்ஸ் பண்ணையில் பிறந்த குழந்தை புகை சூழ்ந்த சமையலறையில் தாயின் இடுப்பில் வளர்வதில்லை. இந்தியக் கிராமத்துக் குழந்தை பெரும்பாலும் அங்கேதான் வளர்கிறது. ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு இணைப்பு தரும் உஜ்வலா திட்டம் 2016-இல் தொடங்கியது. இணைப்பு வந்த பின்னரும், உருளை தீர்ந்தால் மறு உருளைக்குப் பணம் சேரும்வரை விறகடுப்பு எரியும் வீடுகள் எங்கள் தெருவிலேயே உள்ளன.

நகரத்தைப் பற்றிய அக்காவின் அச்சமும் பொய்யன்று. பெங்களூரில் குழந்தை மருத்துவர் எச். பரமேஷ், தம் மருத்துவமனைக்கு வந்த 20,000 குழந்தைகளைக் கொண்டு இருபது ஆண்டுகள் நடத்திய ஆய்வில், 1979-இல் 9 விழுக்காடாக இருந்த ஆஸ்துமா 1999-இல் 29.5 விழுக்காட்டை எட்டியிருந்தது. மருத்துவமனைக்கு வந்தவர்களின் கணக்கு என்பதால் அதை ஊருக்கெல்லாம் பொருத்த இயலாது. போக்கு என்னவோ தெளிவாகத் தெரிகிறது. ஆனால் நகரம் கெடுதல் என்பதிலிருந்து, நோய் வந்த குழந்தையை கிராமம் குணப்படுத்தும் என்ற முடிவுக்குத் தாவ முடியாது. தடுப்பது வேறு, குணப்படுத்துவது வேறு. மேலே சொன்ன ஆய்வுகள் அனைத்தும் நோய் வராமல் தடுப்பதைப் பற்றியவை. மூச்சுக்குழாய் ஏற்கெனவே அழன்றிருக்கும் குழந்தைக்கு வைக்கோல் தூசியும் பூஞ்சையும் புகையும் மூச்சுத்திணறலைத் தூண்டவே வாய்ப்பு மிகுதி.

எண்களின் மற்றொரு பக்கத்தையும் பார்க்கவேண்டும். உலக ஆஸ்துமா நோயாளிகளில் இந்தியாவின் பங்கு ஏறத்தாழ 13 விழுக்காடு என்று மதிப்பிடுகிறார்கள். ஆஸ்துமா மரணங்களில் நம் பங்கோ 40 விழுக்காட்டுக்கும் மேல். இந்தியாவின் ஒன்பது மையங்களில் நடந்த அண்மைக்கால ஆய்வொன்றில், மூச்சிரைப்பு இருந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினருக்கு ஆஸ்துமா என்று எவரும் சொல்லியிருக்கவில்லை. பெயரே சொல்லப்படாத நோய்க்கு மருந்து எப்படிப் போய்ச்சேரும்?

பெயர் சொல்லாமை வீட்டோடு நிற்பதுமில்லை. 1991-இல் தொடங்கிய ஐசாக் என்ற உலகளாவிய குழந்தை ஆஸ்துமா ஆய்வு, ஆங்கிலத்தின் வீஸ் என்ற சொல்லை வைத்தே தன் வினாக்களை அமைத்தது. பல மொழிகளில் அதற்கு நேர்ச்சொல் கிடைக்கவில்லை. ஆகவே 13, 14 வயதினருக்கு, மூச்சிரைக்கும் மனிதர்களைக் காணொளியில் காட்டி, "உனக்கு இப்படி ஆனதுண்டா?" என்று கேட்கும் முறையையும் வகுத்தார்கள். இதைப் படித்த அன்று வெகுநேரம் யோசித்தேன். யாரேனும் எங்கள் பள்ளிக்கு வந்து அப்படி ஒரு காணொளியைக் காட்டியிருந்தால், "ஆம், எனக்கு" என்று முதல் வரிசையிலிருந்து கையை உயர்த்தியிருப்பேன். கேட்டவர்களோ "காய்ச்சலா, சளியா?" என்று மட்டுமே கேட்டார்கள்.

அக்காவுக்கு நான் எழுதிய பதில் இதுதான். அவனை ஊருக்கு அனுப்பு; ஆனால் குணப்படுத்துவதற்காக அனுப்பாதே, பாட்டியோடு இருப்பதற்காக அனுப்பு. சங்கராந்திக்கு வேண்டாம்; அது ஆலை ஓடும் பருவம். கோடை விடுமுறையில், மாங்காய்க் காலத்தில் போகட்டும். தடுப்பு இன்ஹேலரும், திணறல் வந்தால் எடுக்கும் இன்ஹேலரும், ஸ்பேசரும் அவனோடு போகவேண்டும். மூச்சுவிடத் திணறிப் பேச முடியாமல் போனாலோ, உதடு நீலம் பாரித்தாலோ எந்த மருத்துவமனைக்கு எடுத்துச்செல்வது என்று முன்கூட்டியே முடிவுசெய்துகொள்ளுங்கள். குழந்தை மருத்துவரைக் கேட்காமல் மருந்தை ஒருநாளும் நிறுத்தாதே. தடுப்பு இன்ஹேலர் போதைபோல் பழக்கமாகும் மருந்தன்று. மிகச் சிறிய அளவு நேராக நுரையீரலுக்குப் போகிறது. பாலைக் காய்ச்சியே கொடு. ஆல்ப்ஸ் ஆய்வைப் படித்துவிட்டுப் பச்சைப் பால் கொடுக்க நினைக்காதே. அதில் காசநோயும் புருசெல்லா தொற்றும் வரக்கூடும். நம் பாட்டிமார் காய்ச்சாத பாலைக் குழந்தைக்குத் தந்ததில்லை.

அம்மாவிடம் யார் சொல்வது என்பதுதான் கடினமாக இருந்தது. ஊர் காக்கும் என்ற அவருடைய நம்பிக்கையை மறுப்பது, எனக்கு மருந்தில்லாமல் போன பதினாறு ஆண்டுகளை அவர்முன் கணக்காக வைப்பதுபோல் ஆகிவிடுமோ என்று அஞ்சினேன். ஆகவே தொலைபேசியில் ஆய்வுகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் எட்டாண்டுகளாக அதே வகை மருந்தை இருவேளையும் எடுத்துக்கொள்கிறேன் என்பதை மட்டும் முதன்முறையாகச் சொன்னேன். இரவில் இப்போது படுத்தே தூங்குகிறேன் என்றேன். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை.

பிறகு, "காலைல எத்தன தடவ, ராத்திரி எத்தன தடவ?" என்று கேட்டார்.

"ரெண்டு ரெண்டும்மா. இழுத்ததும் வாய் கொப்பளிக்கச் சொல்லணும்."

"இரு, காலண்டர்ல எழுதிக்கறேன். மே மாசம் வர்றப்ப மறந்துடக் கூடாது."

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ, ஊரிலோ நகரத்திலோ, இரவில் இருமி எழுந்து உட்காரும் ஒரு பிள்ளை இருந்தால், "சளிதான்" என்று கடந்துவிடாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச்சென்று, "இது ஆஸ்துமாவா?" என்று அந்தச் சொல்லையே பயன்படுத்திக் கேளுங்கள்.